நாத்தனார் கையெழுத்து

1997 ஜூலை 20, ஞாயிற்றுக்கிழமை, காலை மணி பத்து பன்னிரண்டு. புனேயில் விடிந்ததிலிருந்தே விட்டு விட்டுத் தூறிக்கொண்டிருந்தது. குடை பிடித்தால் வீண், பிடிக்காவிட்டால் சட்டை நனையும் என்கிற அளவு. கோந்த்வா பகுதியில் எங்கள் அடுக்குமாடி வீட்டு சொசைட்டிக் கட்டடத்தின் அடியில், ஸ்கூட்டர் நிறுத்தும் இடத்தில், பதினான்கு பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். வந்தவர்கள் பதினொரு பேர். அந்தக் கூட்டத்தில்தான், இருபத்தொன்பது வருஷம் ஒருவரோடு குடித்தனம் நடத்திய ஒரு பெண்மணிக்கு அவரோடு கல்யாணமே நடக்கவில்லை என்று நான் சொன்னேன்.

அப்படிச் சொன்னதற்கு என்னிடம் காரணங்கள் இருந்தன. முப்பத்தாறு வருஷம் ராணுவக் கணக்கு அலுவலகத்தில் தணிக்கை செய்தவன் நான். காரணம் இல்லாமல் ஒரு வரியின் பக்கத்தில்கூடச் சிவப்புப் புள்ளி வைத்ததில்லை.

அந்த அம்மாளும் அவருடைய கணவரும் எங்கள் கட்டடத்துக்கு 1993-இல் வந்தார்கள். எங்களுக்குக் கீழ்மாடி, ஏழாம் எண் வீடு. கணவர் மராத்திக்காரர், பிம்ப்ரியில் மருந்துத் தொழிற்சாலையில் ரசாயனப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒல்லியான, அதிகம் பேசாத மனிதர். அவர்மேல் எனக்கு எந்தச் சந்தேகமும் வரவில்லை. அந்த அம்மாள்மேல்தான் வந்தது. கதவில் பெயர்ப்பலகை கிடையாது. தெருப்பக்கத்து ஜன்னல் இரண்டும் எப்போதும் சாத்தியிருக்கும். இரண்டு பேர் இருக்கும் வீட்டில் தினமும் மூன்று பால் பாக்கெட். முதல் மாதம் முழுவதும் வந்த விருந்தாளிகள் பூஜ்யம்.

"ஏங்க, அவிய வீட்டுக்கு எத்தன பால் பாக்கெட்டு வந்தா ஒங்களுக்கென்ன? நீங்க என்ன பால்காரரா?" என்றாள் என் மனைவி. புனேக்கு வந்து முப்பது வருஷம் ஆகியும் அவளுடைய திருநெல்வேலிப் பேச்சு ஒரு எழுத்துகூடக் கரையவில்லை.

மூன்றாவது வாரம் எனக்குப் பிடிபட்டது. நான் மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தேன். அந்த அம்மாள் எனக்கு முன்னால் போனவர், நாலாம் படியில் நின்று, முந்தானையை வலது கையால் இழுத்துப் பிடித்துக்கொண்டு, உடம்பைத் திருப்பாமல் கழுத்தை மட்டும் திருப்பிப் பார்த்தார். அந்தத் திருப்பத்தை நான் ஏழு தடவை பார்த்திருக்கிறேன். பாளையங்கோட்டையில் கல்லூரியில் படித்தபோது, ஒரே படத்துக்கு ஏழு தடவை, தரை டிக்கெட்டில்.

அந்தக் காலத்தில் அவர் முகம் இல்லாத காலண்டர் கிடையாது. அழுகைக்குப் பேர்போனவர். ஏழாவது தடவை பார்த்தபோதுதான் நான் ஒன்றைக் கவனித்தேன்: அவர் அழுதால் முதல் சொட்டு எப்போதும் இடது கண்ணிலிருந்துதான் விழும். அதன் பிறகு வேறு ஐந்து படங்களில் சரிபார்த்தேன். ஐந்திலும் இடது கண்தான். தன்னால் வருகிற அழுகைக்கு அப்படி ஒரு ஒழுங்கு இருக்காது என்று இருபத்திரண்டு வயதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

அப்படிப்பட்டவர் கோந்த்வாவில் ஐந்நூற்று அறுபது சதுர அடியில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு எதற்காக இருக்க வேண்டும்? எதையோ மறைக்கிறார் என்றுதான் நினைத்தேன்.

என் மனைவி நினைக்கவில்லை. அவள் கடிபத்தா கேட்கிற சாக்கில் கீழே போனாள். கறிவேப்பிலையை அந்தப் பெயரில் கேட்டால்தான் இங்கே காய்கறிக்காரனுக்குப் புரியும். அந்த அம்மாளிடமும் பழக்கதோஷத்தில் அப்படியே கேட்டிருக்கிறாள். "கறிவேப்பிலைன்னே சொல்லுங்களேன், அந்த வார்த்தையைக் கேட்டே வருஷமாச்சு" என்றாராம். அன்றிலிருந்து புதன்கிழமைதோறும் மதியம் இரண்டு பேரும் சேர்ந்து காப்பி குடித்தார்கள். மூன்றாவது பால் பாக்கெட் அந்தக் காப்பிக்குத்தான் போயிற்று என்று என் மனைவி சொன்னாள். மற்ற ஆறு நாளும் எங்கே போயிற்று என்று அவள் கேட்டுக்கொண்டு வரவில்லை.

"எத்தனை கல்யாணம் என்று கேட்டாயா?" என்றேன்.

"மூணு. மூணையும் ஒரே நாள்ல கேட்டா எனக்கு எப்படி ஞாபகம் இருக்கும்? புதன்கெழமைக்கு ஒண்ணா கேட்டுக்கிட்டு வாரேன், குறிச்சு வச்சுக்கிடுங்க."

அவள் கேலிக்குச் சொன்னாள். நான் குறித்து வைத்துக்கொண்டேன்.

முதல் கல்யாணம் பதினாறு வயதில். நாடகக் கம்பெனி முதலாளிக்கு ஐம்பத்திரண்டு வயது, வீட்டில் ஒரு மனைவி ஏற்கெனவே உண்டு. இவருக்குச் சினிமாப் பெயரை வைத்தவர் அவர்தான். சம்பளத்தை வாங்கிக்கொண்டவரும் அவர்தான். ஐந்து வருஷத்தில் அவர் மாரடைப்பில் போய்விட்டார். இரண்டாவது, ஒரு காமெராக்காரர். இவரை வைத்துச் சொந்தப் படம் எடுக்கிறேன் என்று ஆரம்பித்து, ஆறு ரீலில் படம் நின்றது. தியாகராய நகர் வீடும் காரும் அதோடு போயின. பிறகு கோர்ட்டில் பிரிந்தார்கள். மூன்றாவதுதான் இந்த ரசாயனக்காரர்.

"இவரை எதுக்குக் கட்டிக்கிட்டீயன்னு கேட்டேன். 'என் படம் ஒண்ணுகூடப் பாக்காத ஆம்பளைய அப்பத்தான் மொதல்ல பாத்தேன்'ன்னாவ" என்றாள் என் மனைவி. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கு அது எங்கேயோ கேட்ட வசனம்போல் இருந்தது.

1997 ஜூன் மாதம் அந்த மனிதர் தூக்கத்திலேயே இறந்தார். பதினைந்து நாள் கழித்து சாத்தாராவிலிருந்து அவருடைய அண்ணன் மகன் வந்தான். நாற்பது வயது, டிராக்டர் உதிரிபாகக் கடை, மரியாதையான பேச்சு. வீடு காகாவின், அதாவது அவன் சித்தப்பாவின், பெயரில் மட்டும்தான் இருக்கிறது, நாமினி யாரையும் அவர் எழுதவில்லை, அந்த பாயி (அந்த அம்மாளைத்தான் அப்படிச் சொன்னான்) சட்டப்படி மனைவி இல்லை, ஆகவே வீடு எங்கள் குடும்பத்துக்கு வர வேண்டும் என்று சொசைட்டிக்கு எழுதிக் கொடுத்தான். தொழிற்சாலைக் காகிதங்களிலும் அந்தக் காலத்தில் எழுதிய தாயார் பெயர்தான் இருந்தது. அவர் மாற்றவே இல்லை. ரேஷன் கார்டில் மனைவி என்று இருக்கிறதே என்றால், "ரேஷன் கார்டில் யார் பெயரை வேண்டுமானாலும் எழுதலாம்" என்றான். அதில் தப்பும் இல்லை. நானே பார்த்திருக்கிறேன்.

அந்த அம்மாளுக்கு இந்த வீட்டை விட்டால் வேறு இடம் கிடையாது. அது எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

அவர் இரண்டு அத்தாட்சிகள் கொடுத்தார்: கல்யாணப் போட்டோ ஒன்று; 1968-ஆம் வருஷம் செங்கல்பட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன மலைக்கோயிலில் கல்யாணக் கட்டணம் கட்டிய சீட்டு. சீட்டு தமிழில் இருந்தது. சொசைட்டியில் தமிழ் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். சேர்மன் தபால் அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவார். அன்றைக்குக் கூட்டத்தில் இரண்டையும் என் கையில் கொடுத்து, "அண்ணா, நீங்கள் ஆடிட்காரர். நீங்கள் சொன்னால் சரி" என்றார்.

சீட்டில் எண் இருந்த மூலையைக் கரையான் தின்றிருந்தது. மணமகள் பெயர் மட்டும்தான் அதில் இருந்தது, அதுவும் வேறு ஏதோ பெயர். போட்டோ மணப்பெண்ணுக்குப் பின்னால் சற்றுப் பக்கவாட்டிலிருந்து எடுத்தது. அவள் குனிந்திருந்தாள்; பின்னலை முன்னால் தள்ளிவிட்டிருந்தார்கள். அவளுக்குப் பின்னால் ஒரு பெண் தாலிக்கயிற்றின் இரண்டு நுனிகளையும் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். அவள் முகம் மட்டும் இந்தப் பக்கம் திரும்பி நேராகத் தெரிந்தது; மாப்பிள்ளை முகம்கூடத் தெரியவில்லை.

"இது யார்?" என்று அண்ணன் மகன் எட்டிப் பார்த்துக் கேட்டான்.

"நாத்தனார் முடிச்சு போடுகிறாள். எங்கள் பக்கம் முதல் முடிச்சு மாப்பிள்ளை போடுவார், மற்ற இரண்டும் மாப்பிள்ளையின் சகோதரி."

"என் காகாவுக்குச் சகோதரியே கிடையாதே! அவரும் என் அப்பாவும் இரண்டே பேர்."

அவன் சொன்ன அந்த நிமிஷத்தில் அந்த முகத்தை நான் அடையாளம் கண்டேன். துணை நடிகை. பெயரே போட மாட்டார்கள். இந்த அம்மாளின் படங்களில் நாத்தனாராக வந்து போகிறவள். எனக்கு நினைவு தெரிந்து ஆறு படங்களில் இதே மாதிரி பின்னால் நின்று முடிச்சு போட்டிருக்கிறாள். என் பெட்டியில் இருக்கும் பழைய பாட்டுப் புத்தகங்களிலேயே இரண்டு மூன்றில் அவள் முகம் உண்டு.

சொன்னேன். சீட்டு வேறு பெண்ணுடையது. போட்டோ சினிமாக் காட்சி. மராத்தியில் எனக்கு வார்த்தைகள் குறைவு. அதனால் அது இன்னும் திட்டவட்டமாகக் கேட்டிருக்கும். அந்த அம்மாள் பதினோராவது நாற்காலியில், தூணை ஒட்டி உட்கார்ந்திருந்தார். நான் பேசியது தமிழ் இல்லை என்றாலும் அவருக்கு எல்லாம் புரிந்தது. அவர் அழவில்லை. அதையும் நான் கவனித்தேன். செப்டம்பர் கடைசி ஞாயிறுக்குள் சரியான அத்தாட்சி தராவிட்டால் வீடு அண்ணன் மகன் பெயருக்கு மாறும் என்று நடவடிக்கைப் புத்தகத்தில் எழுதினார்கள். 'ஆடிட் அனுபவம் உள்ள உறுப்பினரின் கருத்துப்படி' என்று ஒரு வரியும் அதில் சேர்ந்தது.

மாடிக்கு வந்து என் மனைவியிடம் சொன்னேன். அவள் அடுப்பை அணைத்தாள்.

"ஒங்கள யாரு கேட்டா?"

"சேர்மன் கேட்டார்."

"சேர்மன் கேட்டா சொல்லிருவியளா? நாலு வருஷமா அவிய கையால காப்பி குடிச்சவ வீட்டுல இருக்கேன், என்னய ஒரு வார்த்த கேட்டியளா?"

மூன்று நாள் எனக்குத் தட்டு வந்தது, பேச்சு வரவில்லை.

புதன்கிழமை மதியம் மூன்று மணிக்கு அழைப்புமணி அடித்தது. அந்த அம்மாளே வந்திருந்தார். நாலு வருஷத்தில் எங்கள் வீட்டுக்கு முதல் தடவை. கையில் ஒரு துணிப்பை. சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நான் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் இழுத்துக்கொண்டேன்.

"சார், அவளை அடையாளம் கண்டுபிடிச்சிட்டீங்களே. பேர்கூடப் போட மாட்டாங்க அவளுக்கு. அவ இருந்தா சந்தோஷத்துல குதிச்சிருப்பா" என்றார்.

அந்தப் பெண்தான் போட்டோவில் இருப்பவள் என்று அவர் மறுக்கவில்லை. மறுப்பார் என்று நான் தயாராக இருந்தேன்.

"அவர் வீட்டுலேருந்து ஒருத்தரும் வரல சார். சினிமாக்காரின்னு. நாத்தனார் இல்லாம முடியாதுன்னு அய்யர் ஒரே பிடிவாதம். இவளைக் கூப்பிட்டேன். 'படத்துல எத்தனையோ தடவை போட்டிருக்கே, இன்னைக்கு ஒரு தடவை நிஜமாப் போடுடி'ன்னேன். கிட்ட வந்து முழிக்கிறா. அவளுக்கு முடிச்சுப் போடவே தெரியல!"

"எப்படித் தெரியாமல் இருக்கும்? ஆறு படத்தில் போட்டிருக்கிறாளே."

"எங்க சார் போட்டா? சினிமாவுல யார் முடிச்சுப் போடுறாங்க? நிஜ முடிச்சு விழுந்தா நிஜக் கல்யாணம் ஆயிடும்னு ஒரு பயம். ஹீரோவுக்குப் பெண்டாட்டி இருப்பா, எனக்குப் புருஷன் இருப்பார். கயித்தோட நுனியில ஒரு கொக்கி, இன்னொரு நுனியில ஒரு வளையம். பின்னாடி நிக்கிறவ மாட்டி விடுவா. மேல பின்னலைப் போட்டு, பூவைப் போட்டு மறைச்சிடுவாங்க. அறுபத்துமூணு படத்துல எனக்கு நாற்பத்தொரு கல்யாணம். அத்தனையும் கொக்கி."

நாற்பத்தொன்று என்று அவரும் எண்ணி வைத்திருந்தார். அது எனக்குக் கொஞ்சம் பிடித்திருந்தது. ஆனால் எண்ணி வைத்திருப்பவர்கள் எல்லோரும் உண்மை சொல்வார்கள் என்று இல்லை.

"சீட்டில் பெயர் வேறாக இருக்கிறதே?"

துணிப்பையிலிருந்து ஒரு கோர்ட்டுக் காகிதம் எடுத்தார். இரண்டாவது கணவரிடமிருந்து பிரிந்த தீர்ப்பு. அதில் பிறந்த பெயரும், 'என்கிற' என்று போட்டுச் சினிமாப் பெயரும் இருந்தன. சீட்டில் இருந்த பெயர் பிறந்த பெயர்தான். காகிதத்தில் சந்தேகப்பட இடமே இல்லை. அதுதான் எனக்குச் சந்தேகமாக இருந்தது.

"பிரிந்ததற்கு முத்திரையோடு காகிதம் வைத்திருக்கிறீர்கள். சேர்ந்ததற்கு ஏன் வாங்கவில்லை?"

"பிரியறப்போதான் சார் எல்லாரும் காகிதம் கேக்குறாங்க."

என் மனைவி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை எழுத்தில் எழுத முடியாது. பிறகு அவரிடம், "நீங்க இவரை எப்படிப் பாத்தீய, அதச் சொல்லுங்க" என்றாள். நான் கேட்க வேண்டும் என்பதற்காகத்தான் கேட்டாள். அவளுக்கு அந்தக் கதை முன்பே தெரியும்.

1968-இல் புனேக்குப் பக்கத்தில் கடக்வாஸ்லா அணைக்கட்டில் ஒரு பாட்டு எடுக்க வந்திருக்கிறார்கள். பாட்டின் முடிவில் கல்யாணம். கொக்கி துருப்பிடித்தது. பிடரியில் கீறி, மூன்றாம் நாள் சீழ் வைத்து, காய்ச்சலில் விழுந்துவிட்டார். படக்குழு அடுத்த இடத்துக்குப் போய்விட்டது. இவரைத் தங்கும் விடுதியில் விட்டுவிட்டுப் போனார்கள். விடுதிக்காரர் பிம்ப்ரியில் வேலை பார்த்த தன் சினேகிதரிடம் சொல்லி மருந்து வரவழைத்தார். மருந்தைக் கொண்டுவந்தவர் பத்து நாளும் தினம் ஒரு தடவை வந்து, வாசலில் நின்றபடியே காய்ச்சல் எவ்வளவு என்று கேட்டு ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு போனாராம். உள்ளே வரவில்லையாம்.

"மெட்ராஸ் திரும்பினதும் மறுபடி சீழ் வச்சு, ரெண்டாவது தடவை கீறி மருந்து வச்சாங்க. அதுக்கு ஒன்பதாம் நாள் கல்யாணம். பிளாஸ்திரியோடதான் மணையில உக்காந்தேன்."

என் மனைவி எழுந்து போய் அவருடைய கொண்டையை ஒதுக்கிப் பிடரியைப் பார்த்தாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். "இருக்கு. ரெண்டு தழும்பு" என்றாள். "எண்ணிட்டேன், போதுமா?"

அவர் போன பிறகு நான் போட்டோவை எடுத்தேன். சேர்மன் அதை என்னிடமே விட்டிருந்தார். கணக்குப் புத்தகத்துக்கு வைத்திருந்த பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தேன். முதல் நாளே அந்தப் போட்டோவைப் பற்றி நான் குறிப்பெடுத்திருந்தேன்: 'ஆட்கள் ஐவர். விளக்கு இரண்டு. படத்தில் வெள்ளைக் கறை ஒன்று.' அந்தக் கறை மணப்பெண்ணின் பிடரியில், கயிற்றுக்கு அரை அங்குலம் கீழே இருந்தது. கண்ணாடியில் பார்த்தால் நான்கு மூலைகள் தெரிந்தன. கறைக்கு மூலை கிடையாது.

பெட்டியைத் திறந்து பாட்டுப் புத்தகங்களை எடுத்தேன். இந்த அம்மாளின் கல்யாணக் காட்சி அச்சடித்தவை பதினொன்று இருந்தன. பதினொன்றும் முன்பக்கத்திலிருந்து எடுத்தவை. ஒன்றில்கூடப் பிடரி தெரியவில்லை. கொக்கி தெரிந்துவிடும் என்றால் பின்னாலிருந்து எவன் எடுப்பான்? பிளாஸ்திரி ஒட்டிய கல்யாணப் பெண்ணை எந்த டைரக்டர் மணையில் உட்கார வைப்பான்? நான் எதைக் காட்டி இது சினிமா என்று சொன்னேனோ, அதே போட்டோ சினிமா இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தது.

ஆனாலும் மனது முழுதாகச் சமாதானமாகவில்லை. நாற்பத்தொரு கல்யாணத்தைப் பார்க்கிறவர்கள் நம்பும்படி செய்துகொண்டவருக்கு ஒரு சின்ன பிளாஸ்திரி பெரிய காரியமா? அதோடு, கமிட்டிக்கு என்ன சொல்வது? மராத்திக் கல்யாணத்தில் மங்கலசூத்திரத்துக்கு நாத்தனாரும் இல்லை, முடிச்சு எண்ணுகிறவரும் இல்லை. கொக்கிக்கதையைச் சொன்னால் சிரிப்பார்கள். கோயில் பதிவேடு வேண்டும். கடிதம் எழுதினேன், பதில் வரவில்லை. இன்னொன்று எழுதினேன், அதற்கும் இல்லை.

செப்டம்பர் பதினைந்தாம் தேதி ரயில் ஏறினேன். நல்ல எண்ணத்தில் போனேன் என்று சொல்ல மாட்டேன். கோயிலில் பதிவு இல்லாவிட்டால் நான் சொன்னதுதான் சரி. அதையும் தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் போனேன். என் மனைவி எலுமிச்சஞ்சாதம் கட்டிக் கொடுத்தாள். "எண்ணிச் சாப்பிடுங்க" என்றாள்.

கோயில் அலுவலகத்தில் ஒரு குமாஸ்தா. வருஷத்தைச் சொன்னதும் சிரித்தார்.

"அறுபத்தெட்டா? பெருச்சாளியைத்தான் சார் கேக்கணும்."

"அறையைக் காட்டுங்கள். நானே பார்த்துக்கொள்கிறேன்."

"உள்ள கரண்ட் இல்ல. தேளு இருக்கும்."

மலையடிவாரத்துக் கடையில் ஒரு டார்ச் வாங்கிக்கொண்டு வந்தேன். இரண்டு நாள் உட்கார்ந்தேன். அடுக்கில் இருந்தவை முப்பத்தேழு பதிவேடுகள். அவற்றில் எலி கடிக்காதவை ஒன்பது. நான் தேடியது ஒன்பதில் ஒன்று இல்லை. ஆனால் எலி ஓரத்தைத்தான் கடித்திருந்தது. எண்பத்தாறாம் பக்கத்தில் இருந்தது: மணமகள் பிறந்த பெயர், வயது முப்பத்தொன்று, மணமகன் பெயர், ஊர் பூனா, தொழில் ரசாயனம். கட்டணம் சீட்டில் உள்ளபடியே. ஏழு கட்டங்கள். ஆறு கட்டம் வரை படித்து, ஒவ்வொன்றையும் என் குறிப்போடு ஒத்துப் பார்த்தேன். ஏழாவது கட்டத்துக்கு வந்தேன். 'மணமகன் வீட்டார்: உறவுமுறை, கையெழுத்து' என்று தலைப்பு. அதில் அந்தத் துணை நடிகை, கோணல்மாணலாக, ஆனால் தெளிவாகக் கையெழுத்துப் போட்டிருந்தாள். உறவுமுறை: உடன்பிறந்த தங்கை.

டார்ச்சைக் கிட்டே பிடித்து அந்தக் கட்டத்தை இன்னொரு தடவை படித்தேன்.

தணிக்கைக்காரனுக்கு இதைவிடப் பெரிய இக்கட்டு கிடையாது. ஒரு கட்டத்தில் பொய் இருந்தால் மற்ற ஆறு கட்டத்தையும் நிறுத்தி வைத்துவிடுவோம். என் வேலைக் காலத்தில் அப்படி எத்தனையோ கோப்புகளைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். காகாவுக்குச் சகோதரியே கிடையாது என்று அந்த அண்ணன் மகன் பதினொரு பேர் முன்னால் சொல்லியிருக்கிறான். இதைக் காட்டினால், பொய்க் கையெழுத்துப் போட்ட கல்யாணம் என்று அவன் சொல்வான். சொன்னால் அது பொய்யும் இல்லை. அந்தக் கல்யாணம் நடந்ததற்கு இருந்த ஒரே சாட்சி, தான் யார் என்பதில் பொய் சொல்லியிருந்தாள்.

குமாஸ்தாவிடம் நகல் கேட்டேன். ஏழு கட்டத்தையும் எழுதி முத்திரை வைத்துக் கொடுத்தார். ஆறு போதும் என்று சொல்ல வாய் வரவில்லை. அரைகுறை நகலை நான் வாங்குவதில்லை.

1997 செப்டம்பர் 28, ஞாயிற்றுக்கிழமை, அதே இடம். மழை விட்டு வெயில் சுள்ளென்று அடித்தது. வந்தவர்கள் பதினாறு, நாற்காலி போதவில்லை. அந்த அம்மாள் அதே தூணருகில். அன்றைக்கு என் மனைவியும் வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பதினேழு வருஷத்து சொசைட்டி வரலாற்றில் அவள் வந்த முதல் கூட்டம்.

முதலில் நான் போன கூட்டத்தில் சொன்னது தவறு என்று சொன்னேன். அதைச் சொல்ல எனக்கு நாலு வார்த்தை போதுமாக இருந்தது. ஆனால் நாலாவது வார்த்தை வருவதற்கு நேரமாயிற்று. பிறகு கோர்ட்டுக் காகிதத்தைக் காட்டிப் பெயரைத் தீர்த்தேன். பிறகு நகல்.

"ஒவ்வொரு கட்டமாகச் சொல்லுங்கள் அண்ணா, எழுதிக்கொள்கிறேன்" என்றார் சேர்மன்.

சொன்னேன். ஒன்று, இரண்டு, மூன்று. அவர் எழுதிக்கொண்டே வந்தார். ஆறு முடிந்தது.

"ஏழாவது?"

"சாட்சி" என்றேன்.

அண்ணன் மகன் எழுந்து வந்து என் தோளுக்கு மேலாகக் காகிதத்தைப் பார்த்தான். தமிழ் எழுத்து அவனுக்கு முறுக்குப் பிழிந்ததுபோல் தெரிந்திருக்கும். ஆனால் அவனும் எண்ணுகிறவன் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

"இந்தக் கட்டத்தில் நாலு வார்த்தை எழுதியிருக்கிறது. நீங்கள் ஒரு வார்த்தைதானே சொன்னீர்கள்?"

"சாட்சியின் பெயரும் கையெழுத்தும். கல்யாணத்துக்கு வந்திருந்த ஒரு பெண்."

"அவ்வளவுதானா?"

"தமிழில் எல்லாமே கொஞ்சம் நீளம்" என்றேன்.

சேர்மன் சிரித்துவிட்டார். நாலைந்து பேர் கூடச் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தான், நான் எத்தனையோ பேரைப் பார்த்த பார்வை அது, எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அவன் உட்கார்ந்துவிட்டான். வீடு அந்த அம்மாள் பெயருக்கு மாறியது. கைதூக்கியவர்கள் பதினாலு, தூக்காதவர்கள் இரண்டு.

கூட்டம் கலைந்ததும் அவர் என்னிடம் வந்தார். அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியும். நகலை வாங்கி, ஏழாவது கட்டத்தைப் படித்தார். அதன்மேல் கட்டைவிரலை வைத்துக்கொண்டே நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"நாத்தனார்னு நீங்க படிக்கலையே சார்" என்றார். அப்போது அழுதார். முதல் சொட்டு இடது கண்ணிலிருந்துதான் விழுந்தது.

இது நடந்து ஒன்பது வருஷம் ஆகிறது, எனக்கு எழுபத்தொன்று. அவர் அதே வீட்டில்தான் இன்னும் இருக்கிறார். பெயர்ப்பலகை வைத்தார், பிறந்த பெயரில். புதன்கிழமைக் காப்பி நடந்துகொண்டிருக்கிறது. பால் பாக்கெட் இரண்டாகிவிட்டது. அந்தச் சொட்டைப் பற்றி ஒரு நாள் என் மனைவியிடம் சொன்னேன். அறுபத்துமூணு படத்துல பழகின கண்ணு அப்படித்தான் அழும், அதுக்கு அவிய என்ன செய்வாவ என்றாள். இருக்கலாம். என்னால் இன்றுவரை தீர்மானிக்க முடியவில்லை.

ஊருக்குப் போய் வந்த செலவைக் கொடுப்பதற்கு அந்த அம்மாள் மூன்று தடவை வந்தார். நான் வாங்கவில்லை. தாராள மனது என்று என் மனைவி நினைத்துக்கொண்டாள், நான் திருத்தவில்லை. வாங்கினால் ரசீது எழுதிக் கொடுக்க வேண்டும். எதற்காக என்று எழுதுவேன்? கல்யாணத்தைக் கண்டுபிடித்ததற்கா, ஒரு கட்டத்தை மறைத்ததற்கா? ரயில், பஸ், தங்கல், நகல் கட்டணம், ஒரு டார்ச், பாதி வழியில் கெட்டுப்போன எலுமிச்சஞ்சாதத்துக்குப் பதில் சாப்பிட்ட இரண்டு சாப்பாடு, எல்லாம் சேர்ந்து என் கைக்காசு ஆயிரத்து முந்நூற்று இருபத்தேழு ரூபாய் ஐம்பது காசு.